தோட்டவாசலில் நின்றுவிட்ட ஜனநாயகம்

அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரு சாராராகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். ஒரு சாரார் அந்நாட்டின் அரசியலமைப்பையும் உரிமைச் சாசனத்தையும் விரித்து வைத்துக்கொண்டு மெய்ம்மறந்து பேசுவர். மறு சாரார், டொலரின் ஆட்சி நடக்கும் நாட்டில் ஜனநாயகம் வெறும் வேஷமே என ஒரு வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடுவர். பின்னவர்பால் எமக்கு அனுதாபம் அதிகம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் இரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. ஜனாதிபதி, காங்கிரஸ், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றுக்கும் அப்பால் அவர்கள் பார்வை செல்வதில்லை. ஒரு சாதாரண அமெரிக்கன் தன் வாழ்நாளில் இம்மூன்றையும் நேரிற் காண்பது அரிது. அவன் சந்திக்கும் அரசு வேறு. வீதியில் மறிக்கும் உதவி ஷெரிப், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும் எழுதுவினைஞர், நிவாரணப் பணம் கொடுக்கும் அல்லது மறுக்கும் அலுவலர், வாக்காளர் இடாப்பை வைத்திருக்கும் உத்தியோகத்தர், பிணத்தைப் பொறுப்பேற்கும் மரண விசாரணை அதிகாரி: இவர்களே அவனுக்கு அரசு.

அந்நாட்டில் இத்தகைய உள்ளூர் ஆட்சி அமைப்புகள் 90,000க்கு மேல் உள்ளன. கவுண்டி, நகரசபை, பாடசாலை மாவட்டம், நீர்ப்பாசன மாவட்டம் என அவை பலவகைப்படும். கவுண்டி என்பது ஏறக்குறைய எமது மாவட்டத்தை ஒத்தது. ஆனால் கச்சேரியிலிருந்து கொழும்பின் கட்டளையை நிறைவேற்றும் அதிபர் அங்கு இல்லை. கலிபோர்னியாவில் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் சபையை மக்களே தெரிகின்றனர். ஷெரிப்பையும் மக்களே தெரிகின்றனர். 1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் தொக்வில், சுதந்திரத்தின் அரிச்சுவடியை மக்கள் கற்றுக்கொள்வது இத்தகைய ஊர்ச்சபைகளிலேயே என்று எழுதிப் புகழ்பெற்றார். அன்றுதொட்டு இன்றுவரை அமெரிக்க ஜனநாயகத்தின் உயிர்நிலை உள்ளூரிலேதான் இருக்கிறது என்பது அந்நாட்டார் மந்திரம்போல் உச்சரிக்கும் கருத்தாகும்.

இக்கருத்தை உரைத்துப் பார்ப்பதற்கு அரசறிவியல் நூல்களைவிட ஒரு நாவல் எமக்கு அதிகம் உதவுகிறது. ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட 'த கிரேப்ஸ் ஒவ் ராத்' என்பதே அது. 'கோபத்தின் கனிகள்' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். வறுமையின் காவியம் என்றும், நாடோடிகளாக்கப்பட்ட விவசாயிகளின் சோகக் கதையென்றும் அதனைப் பலர் வியந்துள்ளனர். அது உண்மையே. ஆனால் அந்நாவலை அரசாங்க நிறுவனங்களைப் பற்றிய நாவலாக எவரும் போதிய அளவு வாசித்ததாக எமக்குத் தோன்றவில்லை. அவ்வாறு வாசிக்குமிடத்து அதன் பலமும் பலவீனமும் வேறொரு வெளிச்சத்திற் தெரிகின்றன.

கதை பலரும் அறிந்ததே. ஒக்லகோமா மாநிலத்தின் சலிசோ என்ற ஊரைச் சேர்ந்த ஜோட் குடும்பம் குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்படுகிறது. வங்கி நிலத்தை எடுத்துக்கொள்கிறது. உழவு இயந்திரம் வீட்டை இடித்துத் தள்ளுகிறது. யாரைச் சுடுவது என்று துப்பாக்கியோடு நிற்கும் குடியானவனுக்கு விடை கிடைப்பதில்லை. கலிபோர்னியாவிலே பழம் பறிக்கும் வேலை நிறைய உண்டென்று அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை நம்பிப் பழைய லொறியொன்றில் அக்குடும்பம் மேற்கு நோக்கிப் புறப்படுகிறது.

இப்பயணத்தில் அரசை அவர்கள் முதன்முதலாகச் சந்திப்பது ஒரு மரணத்தின்மூலமாகும். பாட்டன் வழியிலே இறந்துபோகிறார். மரணத்தைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது சட்டம். அடக்கச் செலவு நாற்பது டொலர். இல்லையேல் அநாதைப் பிணமாகப் புதைக்கப்படும். கையிலிருப்பதோ குடும்பம் முழுவதும் கலிபோர்னியா சேர்வதற்கான பணம். ஆகவே அவர்கள் சட்டத்தை மீறித் தாமே குழிதோண்டுகின்றனர். பின்னொரு காலத்தில் எவரேனும் தோண்டியெடுத்துக் கொலையென்று சந்தேகியாதிருக்கும்பொருட்டு, இறந்தவர் யாரென எழுதிய துண்டொன்றைப் போத்தலில் இட்டுப் பிணத்தோடு வைக்கின்றனர். அலுவலகம் கேட்கும் பத்திரத்தை ஏழைகள் தாமே எழுதி மண்ணுக்குக் கொடுக்கும் இந்தக் காட்சியில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது! சட்டத்தை வெறுத்து அவர்கள் மீறவில்லை. சட்டத்துக்கு விலை கொடுக்க முடியாமையால் மீறினர். மீறியபோதும் அதற்கு மரியாதை செய்தனர்.

இரண்டாவது சந்திப்பு டகெற் என்னுமிடத்திலுள்ள விவசாயப் பரிசோதனை நிலையம். பாலைவனத்தைக் கடந்து வரும் வாகனங்களை அங்கு அதிகாரிகள் மறித்து, செடிகொடிகளும் விதைகளும் உள்ளனவா என்று சோதிக்கின்றனர். கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களைப் பூச்சிகளிலிருந்து காக்கும் ஏற்பாடு அது. லொறியின் மேலே பாட்டி கிடக்கிறாள். கிழவிக்குக் கடுஞ்சுகவீனம், வைத்தியரிடம் போகவேண்டும் என்று தாய் மன்றாட, அதிகாரி இரங்கி விட்டுவிடுகிறான். பாட்டி அப்போதே இறந்துவிட்டாள் என்பதைத் தாய் மறுநாட் காலையிலேதான் மற்றவர்களுக்குச் சொல்கிறாள். இவ்வதிகாரி கெட்டவன் அல்லன் என்பது கவனிக்கத்தக்கது. அவன் தன் கடமையைச் செய்கிறான், மனிதாபிமானமும் காட்டுகிறான். ஆனால் அவனை அங்கு நிறுத்திய அரசுக்குத் தோடம்பழத்துக்கு வரும் நோயைத் தடுக்கும் துறை இருக்கிறது. லொறியின் மேலே கிடப்பவளுக்குரிய துறை இல்லை.

எல்லையிலே மனிதரையே தடுக்கும் முயற்சிகளும் நடந்ததை வரலாறு கூறுகிறது. 1936இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸ் தலைவர் தம் நகரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மாநில எல்லைகளுக்குப் பொலிசாரை அனுப்பி, கையிற் பணமில்லாதோரைத் திருப்பியனுப்பச் செய்தார். நகரப் பொலிசுக்கு மாநில எல்லையில் என்ன அதிகாரம் என்ற கேள்வி எழுந்தது. எழுந்தும் சில வாரங்கள் அது நடந்தது. ஏழையொருவனை மாநிலத்துக்குள் அழைத்து வருவதே குற்றம் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டமும் இருந்தது. தன் மனைவியின் சகோதரனை டெக்சாசிலிருந்து காரில் அழைத்து வந்த ஒருவர் அச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். 1941 நவம்பரில், எட்வேட்ஸ் எதிர் கலிபோர்னியா என்ற வழக்கில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதெனத் தீர்த்தது. நாவல் வெளிவந்து இரண்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாவது சந்திப்பே நாவலின் அரசியலைத் திறந்து காட்டுவது. குடிசைகளும் கூடாரங்களும் நிறைந்த வெளியொன்றில் குடும்பம் தங்குகிறது. வேலைக்கு ஆள்பிடிக்கும் ஒப்பந்தக்காரன் ஒருவன் வருகிறான். புளோயிட் என்னும் இளைஞன் அவனிடம் இரண்டே கேள்விகளைக் கேட்கிறான்: அனுமதிப்பத்திரம் உண்டா? கூலி எவ்வளவு என்று எழுதித் தருவாயா? சட்டம் கேட்கச் சொன்ன கேள்விகளே இவை. ஆனால் ஒப்பந்தக்காரன் திரும்பிக் கையசைக்க, உடன் வந்த உதவி ஷெரிப் காரைவிட்டு இறங்குகிறான். கேள்வி கேட்டவன் உடனே 'சிவப்பன்' ஆகிறான்; எங்கோ களவு நடந்த இடத்தில் நின்றவன் ஆகிறான். சுகாதார சபையின் கட்டளைப்படி இவ்விடத்தைத் துப்புரவு செய்யவேண்டும் என்று கூறி, எல்லோரையும் வெளியேறுமாறு அச்சுறுத்துகிறான் ஷெரிப்பின் ஆள். அன்றிரவு கூடாரங்கள் தீக்கிரையாகின்றன.

இங்கே சுகாதார சபை என்ற சொல்லை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. மக்களின் நோயைத் தடுக்க உண்டான நிறுவனம் மக்களையே நோயாகக் கருதிக் கலைக்கும் கருவியாகிறது. ஷெரிப் மக்களால் தெரியப்பட்டவன் என்பதும் உண்மையே. ஆனால் எந்த மக்களால்? ஏன் இப்படி ஓரிடத்தில் நிலைக்கவிடாது துரத்துகின்றனர் என்று கேட்கப்படும்போது, புளோயிட் தான் கேள்விப்பட்டவற்றைச் சொல்கிறான். வாக்களிக்கும் உரிமை பெற்றுவிடாதிருக்கவே என்று சிலர் சொல்கின்றனர். நிவாரணம் கேட்டுவிடாதிருக்க என்று சிலர். ஓரிடத்திலிருந்தால் ஒன்றுசேர்ந்துவிடுவர் என்ற பயத்தால் என்று இன்னுஞ் சிலர். வதிவிடம் இல்லாதவனுக்கு வாக்கில்லை. வாக்கில்லாதவனுக்கு ஷெரிப் பதில்சொல்லத் தேவையில்லை. ஷெரிப் துரத்துவதால் அவனுக்கு வதிவிடம் இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளிற் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த மலையகத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்த நாம் இப்பகுதியை வாசித்துவிட்டு எளிதிற் பக்கத்தைப் புரட்டிவிட முடிவதில்லை.

இதற்குப் பின்னரே வீட்பற்ச் அரசாங்க முகாம் வருகிறது. இருபத்திரண்டாம் அதிகாரம். ரூஸ்வெல்ற்றின் ஆட்சியில் மத்திய அரசு கலிபோர்னியாவிற் சில முகாம்களை அமைத்தது. கேர்ன் கவுண்டியில் ஆர்வின் என்னும் ஊருக்கு அருகில் இருந்தது அவற்றுளொன்று. ஸ்ரைன்பெக் 1936இல் ஒரு பத்திரிகைக்குத் தொடர் கட்டுரை எழுதும்பொருட்டு அங்கு சென்றார். முகாம் முகாமையாளரான ரொம் கொலின்ஸ் எழுதிவந்த அறிக்கைகளே நாவலுக்குப் பெரும் மூலப்பொருளாயின. நூலின் சமர்ப்பணத்திற் குறிக்கப்படும் இருவருள் அவர் ஒருவர்.

முகாமின் அமைப்பை ஆசிரியர் சொல்லும் முறை நயமிக்கது. கொள்கை விளக்கமாக அன்றி, இரவில் வந்து சேரும் களைத்த மனிதனுக்குக் காவற்காரன் சொல்லும் தகவலாக அது வருகிறது. வாரத்துக்கு ஒரு டொலர் கட்டணம். பணமில்லாவிட்டால் வேலைசெய்து தீர்க்கலாம். ஒவ்வொரு சுகாதாரப் பிரிவும் தன் பிரதிநிதியை மத்திய குழுவுக்குத் தெரிவு செய்கிறது. விதிகளைச் செய்வது அக்குழுவே. நீதிமன்றப் பிடியாணையின்றிப் பொலிசார் உள்ளே வரமுடியாது. இக்கடைசித் தகவலைக் கேட்டு ரொம் ஜோட் அடையும் வியப்பை நோக்கவேண்டும். பிடியாணையின்றிப் பொலிஸ் நுழையலாகாது என்பது அந்நாட்டின் உரிமைச் சாசனத்தில் 1791 முதலே உள்ளது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தன்னுடையதாக இருந்த உரிமையை ஒரு குடிமகன் புதினமாகக் கேட்டறிகிறான்!

மறுநாள் மாதர் குழு வருகிறது. ஜெசி புல்லிற் என்னும் தலைவியும் இரு அங்கத்தவர்களும் துவைத்த உடுப்பு அணிந்து, ஆட்சிக்குரிய மிடுக்கோடு மலசலகூடங்களைப் பார்வையிடுகின்றனர். அன்றைய பிரச்சினை, மலசலகூடக் காகிதம் விரைவாகத் தீர்ந்துபோவது. விசாரணை நடக்கிறது. ஒரு தாய் கூச்சத்தோடு முன்வருகிறாள். அவளுக்கு ஐந்து பெண்பிள்ளைகள். பச்சைத் திராட்சையைத் தின்று ஐவருக்கும் வயிற்றோட்டம். கையிற் காசில்லை. முகாமின் கடையில் இருபது டொலர்வரை கடன் பெறலாம், குழு அதற்கு ஏற்பாடு செய்துள்ளது என்று தலைவி சொல்கிறாள். தாம் ஒருநாளும் பிச்சை வாங்கியதில்லை என்று அத்தாய் தயங்க, இது பிச்சையன்று, எங்களுடையது என்று ஜெசி சற்றுக் கோபத்தோடு விளக்குகிறாள். தரும ஸ்தாபனம் ஒன்றில் உணவுக்காகத் தாம் பட்ட அவமானத்தை மற்றொருத்தி நினைவுகூர்கிறாள்.

இப்பகுதியைச் சில விமர்சகர் வெறும் ஹாஸ்யம் என்று ஒதுக்குவர். எமது கருத்தில் நாவலின் மிகச்சிறந்த அரசியற் பகுதி இதுவே. தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ பிரசங்கங்கள் விளக்க முயன்று தோற்றிருக்க, ஒரு சுருள் காகிதத்தையும் ஐந்து பிள்ளைகளின் வயிற்றோட்டத்தையும் கொண்டு ஸ்ரைன்பெக் அதனை நிறுவிவிடுகிறார். மாதர் குழுவினர் தம்முள் சச்சரவிடுகின்றனர், அதிகாரத்தை அனுபவிக்கின்றனர், முன்னாள் தலைவிக்கும் இந்நாள் தலைவிக்கும் பொறாமை இருக்கிறது. நாம் வாழும் கிராமங்களின் மாதர் சங்கங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் அறிந்தவர் இங்கே புன்னகை செய்யாமல் இருக்கமுடியாது. அந்தச் சச்சரவும் ஜனநாயகத்தின் பகுதியே என்பதை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார். முன்பு கூடாரங்களை எரிப்பதற்குச் சாட்டாக இருந்த அதே சுகாதாரம் இங்கே அம்மக்களின் கையில் இருக்கிறது.

விளையாட்டைக் குழப்பும் சிறுமி ரூதியை மற்றப் பிள்ளைகள் அடிப்பதில்லை. விளையாட்டை அவளிடமே விட்டு விலகிப்போகின்றனர். சனிக்கிழமை நடன விழாவிற் கலகம் மூட்டவென்று கூலிக்கு அமர்த்தப்பட்ட மூவரை முகாமின் இளைஞர் சத்தமின்றிச் சூழ்ந்து பிடித்து விடுகின்றனர். கலகத்தைச் சாட்டி உள்ளே நுழைவதற்கு வாயிலிற் காத்திருந்த பொலிசார் வெறுங்கையோடு திரும்புகின்றனர். சொந்த மக்களுக்கே ஏன் இதைச் செய்தீர்கள் என்று குழுவின் தலைவர் கேட்க, வயிறு என்று ஒன்று இருக்கிறதே என்ற பாவனையில் விடை வருகிறது. அம்மூவரையும் காயப்படுத்தாது பின்வேலிக்கு அப்பால் அனுப்பிவிடுகின்றனர்.

இனி நாவலின் மையமான உண்மைக்கு வருவோம். முகாமுக்கு வந்த முதற்காலையிலேயே ரொம் ஜோட்டுக்கு வேலை கிடைக்கிறது. தோமஸ் என்னும் சிறு பண்ணையாளர் மணிக்கு முப்பது சதம் கொடுத்துவந்தவர். அன்று அவர் தலைகுனிந்து, இனி இருபத்தைந்து சதமே என்கிறார். அவராகக் குறைக்கவில்லை. பண்ணையாளர் சங்கம் அப்படித் தீர்மானித்துவிட்டது. அச்சங்கத்தின் பின்னால் வங்கி இருக்கிறது. அடுத்த போகத்துக்கு அவருக்கு அவ்வங்கியின் கடன் வேண்டும். நடன விழாவுக்கு வரவிருக்கும் ஆபத்தை இரகசியமாக எச்சரிப்பவரும் இவரே. நல்ல மனிதர். ஆனால் அவர் நன்மை ஐந்து சதத்தைக் காப்பாற்றப் போதவில்லை.

முகாமின் வேலிக்குள் மக்கள் தமக்குத் தாமே சட்டம் செய்கின்றனர். வேலிக்கு வெளியே ஒரு மணிநேரக் கூலியைப் பற்றி அவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. மலசலகூடத்தை யார் கழுவுவது என்பதில் வாக்குண்டு. பீச்சஸ் பழப் பெட்டிக்கு எத்தனை சதம் என்பதில் வாக்கில்லை. ஒரு மாதம் கழிகிறது. ரொம்முக்கு மொத்தம் ஐந்து நாள் வேலை கிடைத்திருக்கிறது. மாவும் கொழுப்பும் தீர்ந்துபோகும் நிலையில், புறப்படவேண்டுமென்று முடிவு செய்பவள் தாய். முகாமிலே தன்னை மீண்டும் மனுஷியாக உணர்ந்தவள் அவளே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அந்த மதிப்பை விட்டு, சூடான நீரையும் அயலாரின் மரியாதையையும் விட்டு, அவள் போகிறாள். போய்ச் சேரும் பழத்தோட்டத்தில், தாம் அறியாமலே வேலைநிறுத்தத்தை முறிக்கும் கருங்காலிகளாகின்றனர். வாசலில் ஆயுதம் தாங்கிய காவல்; வேலைநிறுத்தக்காரரின் தலைவனாகிவிட்ட போதகன் கேசி அங்கே பிக்காசுப்பிடியால் அடித்துக் கொல்லப்படுகிறான்.

ஸ்ரைன்பெக் 'நியூ டீல்' அரசின் பிரசாரகர் என்று குற்றஞ்சாட்டிய இடதுசாரி நண்பர்கள் சிலர் நாவலின் இந்த வரிசையைக் கவனிக்கத் தவறினர். முகாம் கதையின் நடுவில் இருக்கிறது, முடிவில் இல்லை. ஜோன் போர்ட் 1940இல் எடுத்த திரைப்படம் இவ்வரிசையை மாற்றிவிட்டது. அதில் பழத்தோட்டமும் கேசியின் மரணமும் முன்னே வருகின்றன. அரசாங்க முகாம் பின்னே வருகிறது. வெள்ளமும், இறந்து பிறந்த சிசுவும், பட்டினியால் மடியும் அந்நியனுக்குப் பால் கொடுக்கும் இளந்தாயும் அடியோடு நீக்கப்பட்டு, மக்கள் என்றும் அழியார் என்ற தாயின் நம்பிக்கை உரையோடு படம் முடிகிறது. அழகான படம், ஒளிப்பதிவு அற்புதமானது. ஆனால் அதே காட்சிகளை இடம்மாற்றி வைத்தமையால் அது வேறொரு கருத்தைச் சொல்லுகிறது: துன்பப்பட்டனர், அரசு கண்திறந்தது, இனிச் சுகமே. நாவலோ அரசு கண்திறந்த பின்னரும் அவர்கள் பட்டினி கிடந்தனர் என்கிறது. கடைசி அதிகாரங்களில் வெள்ளத்தில் அகப்பட்டோர் நிவாரணம் கேட்டுப் போகின்றனர். ஓராண்டு இங்கே வசித்திருக்கவேண்டும் என்று விதி சொல்கிறது.

நாவலாசிரியர் கண்ட இந்த எல்லைக்கோடு அவரது கற்பனையன்று. 1935ஆம் ஆண்டின் தேசிய தொழில் உறவுச் சட்டம் அமெரிக்கத் தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமையளித்தது. எந்தச் சங்கம் தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்துவது என்பதைத் தொழிலாளர் இரகசிய வாக்கெடுப்பாற் தீர்மானிக்கலாம் என்றது. தொழிற்சாலைக்குள் வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறுமிடத்து, விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் அது விலக்கிவைத்தது. அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவ்வாறே செய்தன. ஆபிரிக்க அமெரிக்கரும் மெக்சிக்கரும் பெருந்தொகையாக உழைத்த தொழில்கள் இவை. இவ்விலக்கு தற்செயலானதன்று என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். 1935இன் விலக்கு மத்திய சட்டத்தில் இன்றும் இருக்கிறது.

மெக்சிக்கர் என்றதும் நாவலின் பெருங்குறை நினைவுக்கு வருகிறது. ஒக்லகோமாவின் வெள்ளை விவசாயிகள் வருமுன் கலிபோர்னியாவின் தோட்டங்களில் உழைத்தோர் சீனர், யப்பானியர், மெக்சிக்கர், பிலிப்பினோக்கள். 1930களில் இலட்சக்கணக்கான மெக்சிக்க வம்சாவளியினர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். அமெரிக்காவிற் பிறந்த குடிமக்களும் அவர்களுள் அடங்குவர். 1933இல் பெரும் பருத்தி வேலைநிறுத்தத்தை நடத்தியோருட் பெரும்பான்மையோர் மெக்சிக்கரே. ஸ்ரைன்பெக் இவர்களை அறியாதவரல்லர். இடையதிகாரம் ஒன்றிற் சில வரிகளிற் குறிப்பிடுகிறார். ஆனால் இவர்களுள் ஒருவரும் பாத்திரமாகவில்லை. நாம் தலைமுறை தலைமுறையாக அமெரிக்கர், எம்மை இப்படி நடத்தலாமா என்ற குமுறலே நாவலின் தார்மீகக் கோபத்துக்கு அடிப்படையாகிறது. அப்படியாயின் தலைமுறைக் கணக்குக் காட்ட இயலாதவனை அப்படி நடத்தலாமா? இக்கேள்வியை நாவல் கேட்பதில்லை. வெண்ணிற உடையில் வந்து தாயோடு கோப்பி அருந்தும் முகாமையாளரும் சற்றுத் தேவதூதர்போலவே இருக்கிறார். அவரை மக்கள் தெரியவில்லை, வாஷிங்டன் அனுப்பியது. அடுத்த முகாமையாளர் வேறொருவராக வந்தால் என்னாகும் என்பதைப் பற்றியும் ஆசிரியர் மௌனம் சாதிக்கிறார்.

நூல் வெளிவந்தபின் நடந்தது நாவலின் இன்னோர் அதிகாரம்போல் உள்ளது. 1939 ஓகஸ்ற்றில் கேர்ன் கவுண்டியின் மேற்பார்வையாளர் சபை, தன் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் இந்நூலைத் தடைசெய்யும் தீர்மானத்தை நான்குக்கு ஒன்று என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. எவரோ ஒரு சர்வாதிகாரி இட்ட தடையன்று இது. மக்களால் தெரியப்பட்ட சபை, முறைப்படி கூடி, முறைப்படி வாக்களித்துச் செய்த தடை. தொக்வில் புகழ்ந்த ஊர்ச்சபை இதுதான்! பெரும் பண்ணையாளர் ஒருவரின் தூண்டுதலால், அவரிடம் வேலைபார்த்த தொழிலாளி ஒருவர் அப்புத்தகத்தை எரிப்பதாகப் படமும் பிடிக்கப்பட்டது.

ஆனால் அதே கவுண்டியின் சம்பளம் பெற்ற இன்னொருவரும் இருந்தார். கவுண்டி நூலகரான கிரெச்சன் நீஃப், ஒரு நூலைத் தடைசெய்தால் எண்ணங்கள் அழிந்துவிடா என்ற கருத்துப்பட மேற்பார்வையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். பதவிபோகும் ஆபத்து அதில் இருந்தது. தடையை அவர் மீறவில்லை. தம்மிடமிருந்த பிரதிகளைக் கலிபோர்னியாவின் மற்ற நூலகங்களுக்கு இரவலாக அனுப்பிவிட்டார். கேர்னில் முடங்கவேண்டிய நூல் மாநிலமெங்கும் வாசிக்கப்பட்டது. எழுதுவினைஞரும் நூலகரும் ஆசிரியருமாகிய நம் வாசகர்களுக்கு இச்செயலின் அருமையை நாம் விளக்கவேண்டியதில்லை. தடை 1941 ஜனவரியில் நீங்கியது.

தடைசெய்தோர் கூறிய காரணம் ஆபாசம். உழைப்பாளர் பேசும் பேச்சை உள்ளபடி எழுதியதே குற்றமாயிற்று. நம் நாட்டிலும் பேச்சுமொழியிற் கதையெழுதியோரை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்த காலம் ஒன்றுண்டு. சொல் அழுக்கானது என்று கூறுவோரை உற்றுநோக்கின், அச்சொல்லைப் பேசும் வாய்க்கு உணவு கொடாதவர்களாகவே பலவேளை இருப்பர்.

கேர்ன் கவுண்டியின் கதை அத்தோடு முடியவில்லை. அதே கவுண்டியிலுள்ள டெலானோ என்னும் ஊரில் 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி பிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். நாவலாசிரியர் பாத்திரமாக்க மறந்த அதே மனிதர். சில நாட்களிற் சீசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிக்கத் தொழிலாளர் அவர்களோடு இணைந்தனர். ஐந்தாண்டுப் போராட்டத்தின் பின் திராட்சைத் தோட்டக்காரர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 1975இல் கலிபோர்னியா தன் விவசாயத் தொழில் உறவுச் சட்டத்தை இயற்றியது. மத்திய சட்டம் நாற்பது ஆண்டுகளாக மறுத்த வாக்குப்பெட்டி, ஒரு மாநிலத்திலாவது தோட்டத்துக்குள் வந்தது. தொழிலாளர் தோட்டத்திலேயே தங்குவதையும் ஊர் ஊராக அலைவதையும் கருத்திற்கொண்டு, சங்க அமைப்பாளர்கள் தோட்டத்துக்குட் சென்று அவர்களோடு பேசலாம் என்ற விதியும் செய்யப்பட்டது. ஆண்டில் 120 நாட்கள்வரை, நாளொன்றுக்கு மூன்று மணிநேரம்: வேலைக்கு முன் ஒன்று, மதிய உணவுவேளையில் ஒன்று, வேலைக்குப் பின் ஒன்று.

2021 ஜூனில், சீடர் பொயின்ற் நேர்சரி எதிர் ஹசிட் என்ற வழக்கில், அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த மூன்று மணிநேரத்தை ஆராய்ந்தது. தன் நிலத்துக்குள் யார் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது உடைமையாளனின் சொத்துரிமை. அவ்விதி அச்சொத்தை அரசு நட்டஈடின்றி எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும் என்று நீதிபதிகள் அறுவர் தீர்த்தனர். மூவர் மாறுபட்டனர். வழக்காடிய இரு நிறுவனங்களுள் ஒன்று ஸ்ரோபெரிச் செடிகளை வளர்ப்பது. மற்றது பிரெஸ்னோவிலே திராட்சையும் தோடையும் பயிரிட்டு விற்பது.

உயர்வகுப்புகளில் இந்நாவலைப் படிப்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு, முழு நூலுக்கும் நேரம் இல்லாவிடின், இருபத்திரண்டாம் அதிகாரத்தை மட்டுமேனும் எடுத்துக்கொள்ளுமாறு கூறுவோம். காவற்காரனின் பேச்சும், தோமசின் ஐந்து சதமும், மாதர் குழுவின் விசாரணையும் அந்த ஒரே அதிகாரத்திலே இருக்கின்றன. மேற்கூறிய தீர்ப்பின் சுருக்கத்தையும் மாணவர் கையிற் கொடுத்து, இரண்டையும் ஒரே பாடவேளையில் வாசிக்கச் செய்வது நன்று.